முகத்துக்கு எந்தப் பூ? ரோஜா, மல்லி, ஆவாரம்பூ, குங்குமப்பூ: வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், ஈரச் சாக்கைப் பிரிக்கும்போது எழும் மல்லி வாசனையிலேயே மிச்சத் தூக்கமும் போய்விடும். குளியல் பொடியும் நலங்கு மாவும் அரைத்து விற்க ஆரம்பித்து ஏழு வருடமாகிறது. இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது விலையை அல்ல. "அக்கா, எந்தப் பூ போட்டா மூஞ்சி வெளுக்கும்?" என்பதைத்தான்.

தை மாதம் இதையே கேட்டு ஒரு பெண் வந்தாள். வேலூர் சைதாப்பேட்டையில் வீடு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. கையில் ஒரு சீட்டு. அதில் நாலு பெயர்: மல்லி சாறு போட்ட சீரம், ரோஸ் டோனர், குங்குமப்பூ ஜெல், ஆவாரம்பூ பொடி. "நாலும் வாங்க முடியாதுக்கா, ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அன்று அவளுக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். முழுதாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோல் எப்படிக் கறுக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து மெலனின் என்ற நிறமியாக மாற்றுவது அவற்றின் வேலை. அந்த வேலையைத் தொடங்கி வைக்கும் நொதிக்குப் பெயர் டைரோசினேஸ். அதன் நடுவே இரண்டு செம்பு அயனிகள் உண்டு. நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதே, அதுவும் இதே குடும்பத்துச் செம்பு நொதியின் வேலைதான். காற்றுப் படக்கூடாது என்றுதான் நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம்.

பூக்களில் இருக்கும் பீனால் வகைச் சேர்மங்கள், அதாவது காலிக் அமிலம், குர்செடின், கெம்ப்ஃபெரால் போன்றவை, இரண்டு வேலை செய்யக்கூடியவை. வெயில் படும்போது தோலில் உண்டாகி செல்களைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துணுக்குகளை அடக்குவது ஒன்று. அதைத்தான் ஆன்டி ஆக்சிடன்ட் என்கிறோம். டைரோசினேஸின் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. வெயிலின் தூண்டுதல் குறைந்தாலே நிறமி உற்பத்தியும் கொஞ்சம் அடங்கும் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

வேதியியல் படித்த காலத்தில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். டிபிபிஎச் என்று ஒரு கரைசல், நல்ல நாவல்பழ ஊதா நிறத்தில் இருக்கும். ஆன்டி ஆக்சிடன்ட் உள்ள சாறு அதில் விழுந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். ரோஜா இதழ்ச் சாறு விட்டபோது, குழாயைக் குலுக்கி ஸ்டாண்டில் வைப்பதற்குள் நிறம் கலங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஊதா போவதைப் பார்த்தபோது, முகத்துக் கறுப்பும் இப்படியே போய்விடும் என்று மனசு நம்பியது. அது தவறு என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது.

ஏன் தவறு? கண்ணாடிக் குழாய்க்குத் தோல் இல்லை. நம் தோலின் வெளி அடுக்கு, காய்ந்த செல்களும் கொழுப்பும் அடுக்கிக் கட்டிய சுவர் மாதிரி. பெரிய மூலக்கூறுகள், அதிலும் தண்ணீரில் கரையும் சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள் (குர்செடின், கெம்ப்ஃபெரால் வகைப் பீனால்கள்), அதைத் தாண்டிப் போவது கஷ்டம். மெலனோசைட் இருப்பதோ அதற்கும் கீழே. இன்னொன்றும் உண்டு. ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ். அதை மடக்கும் சரக்கெல்லாம் மனிதத் தோலில் இருக்கும் நொதியையும் மடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அட்டையில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால், குழாயிலா, மனித முகத்திலா என்று கேளுங்கள்.

சரி, பூவுக்கு வருவோம்.

ரோஜாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நாலில் எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது அதன் மேல்தான். காலிக் அமிலம், குர்செடின், கெம்ப்ஃபெரால், சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின் எல்லாம் இதழில் நிறையவே இருக்கின்றன. ஆனால் ரோஜா என்று வாங்கும்போது எதை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். இட்லிக் குண்டானில் பன்னீர் ரோஜா இதழைப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை உயரமாக வைத்து, மூடியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஐஸ்கட்டி வையுங்கள். சிறு தீயில் அரை மணி நேரம். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அதுதான் பன்னீர். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், வாசனை கமகமவென்று இருக்கும். இப்போது குண்டானுக்குள் பாருங்கள். இதழெல்லாம் சாயம் போய் வெளிறிக் கிடக்கும். அடியில் பழுப்புச் சிவப்பாக ஒரு கஷாயம் நிற்கும். அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சட்டென்று ரோஸ் நிறம் எடுக்கும். ஆந்தோசயனின் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆவியோடு ஏறிப் போவது வாசனைப் பொருள் மட்டும். ஃபினைல்எத்தனால், சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகியவை அந்த வகை. காலிக் அமிலமும் ஃபிளேவனாய்டும் ஆவியாகாதவை. அவை குண்டானிலேயே தங்கிவிடும். நாம் ஆசையாக முகத்தில் தெளித்துக்கொள்ளும் பன்னீரில் ஆன்டி ஆக்சிடன்ட் மிகமிகக் குறைவு, கீழே கொட்டும் கஷாயத்தில் அதிகம். முதல் தடவை இதைப் பார்த்தபோது எத்தனை குண்டான் கஷாயத்தைச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன் என்று நினைத்து வயிறு எரிந்தது.

ஆக, ரோஸ் டோனர் என்று எழுதியிருந்தால் லேபிளைப் படியுங்கள். வெறும் வடிநீர் என்றால் அது குளிர்ச்சிக்கும் மணத்துக்கும்தான். கடைப் பன்னீரில் பல, தண்ணீரில் செயற்கை வாசனை கலந்தவை. அவற்றுக்கு ரோஜாவோடு சம்பந்தமே இல்லை. இதழைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ ஊறவைத்து எடுத்த சாறு என்றால் அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் கஷாயம் வைத்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அவ்வளவுதான். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் வெளியே வைத்தால் மறுநாளே நுரை கட்டிவிடும். மாலைக்கு விற்கும் ஓசூர் ரோஜாவை இதற்கு வாங்காதீர்கள். அது அழகுக்கு வளர்க்கும் பூ, மருந்தடித்து வளர்ப்பது. நாட்டு பன்னீர் ரோஜா ஒரு தொட்டி வைத்தால் முகத்துக்குப் போதும்.

அப்புறம், ரோஜா சோப்பு. சோப்பு காரம், அதன் பிஎச் 9, 10 இருக்கும். ஆந்தோசயனின் அந்தக் காரத்தில் நிற்காது. இதழ் போட்டுச் செய்த சோப்பில் இதழ் பழுப்பேறித் தேயிலைத்தூள் போல ஆகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இருந்த கொஞ்சமும் குளிக்கும் தண்ணீரோடு போய்விடும். வெளுப்புக்காக எந்தப் பூ சோப்பையும் வாங்க வேண்டாம்.

மல்லியைப் பற்றிச் சொல்வது எனக்குச் சங்கடம். தினமும் தலையில் வைக்கும் பூ. ஆனால் அந்தப் பெண்ணின் சீட்டில் நான் முதலில் அடித்தது மல்லி சீரத்தைத்தான்.

மல்லி இதழ் மென்மையானது; கொதிக்கும் ஆவியில் அதன் மணம் கெட்டுவிடும். அதனால் வாசனைத் தொழிலில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி ஒரு பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி வடிப்பார்கள். கடைசியில் கிடைக்கும் அடர்த்தியான சாற்றுக்கு அப்சல்யூட் என்று பெயர். அதில் பெரும்பகுதி பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் போன்ற மணப்பொருள்கள்தான். ரோஜாக் கஷாயத்தில் இருக்கும் பீனால் சரக்கு அல்ல. லினலூல் காற்றில் பட்டுப் பழையதாகும்போது தோலுக்கு ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். பாட்டிலைத் திறந்து ஆறு மாதம் வைத்திருந்தால் கவனம் தேவை.

எனக்குப் பெரிய பயம் வேறு. 1970களில் ஜப்பானில், அழகுசாதனம் பூசிய பெண்களுக்கு முகம் முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பாகக் கறுத்துப்போகும் நோயைத் தோல் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அரிப்போ சிவப்போ பெரிதாகத் தெரியாமல், நேராகக் கறுப்பாகவே வரும் ஒவ்வாமை அது. காரணம் என்று கண்டுபிடித்த பொருள்களில் மல்லிகை அப்சல்யூட்டும் உண்டு, மனோரஞ்சிதக் குடும்பத்தைச் சேர்ந்த இலாங் இலாங் எண்ணெயும் உண்டு. நம்மைப் போல நிறம் கொண்ட தோலில் எந்த எரிச்சலும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் போகும். மங்கு போக வேண்டும் என்று பூசுவதே மங்கை வளர்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மல்லி இதழைத் தண்ணீரில் ஊறவைத்த சாற்றிலும் கொஞ்சம் ஃபிளேவனாய்டு உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'கமகமக்கும் மல்லி சீரம்' என்று வருவதில் இருப்பது அந்தச் சாறு அல்ல, வாசனை. பூவின் வாசனை வேறு, தோலுக்கு வேலை செய்யும் சரக்கு வேறு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாப் பூவையும் நீங்களே எடை போடலாம். முகத்துக்கு என்று வரும்போது, வாசனை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு யோசிக்க வேண்டும்.

சம்பங்கியும் இதே கணக்குதான். மணத்துக்குப் பேர்போனது, முகத்துக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தாழம்பூவின் மணத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு ஈதர் சேர்மம், அதுவும் அப்படியே. மகிழம்பூ மட்டும் எனக்குத் தனிப் பிரியம். விடியலில் மரத்தடியில் கொட்டிக் கிடப்பதைப் பொறுக்கி, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் காய வைத்தால், நட்சத்திரம் போல இருந்தது சுருங்கிப் பழுப்பாகும், மணம் மட்டும் போகாது. உடம்புக்குப் பூசும் குளியல் பொடியில் நான் சேர்க்கும் ஒரே வாசனை அதுதான். வெளுக்கும் என்று சொல்லி அதை விற்றதில்லை.

ஆவாரம்பூவுக்கு மல்லி போல ஊரைக் கூட்டும் மணம் இல்லை. முகத்தைப் பொறுத்தவரை அதுவே அதன் பலம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சொல்லும் ஊர் நம்முடையது. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஆவாரையோடு இன்னொரு உறவும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தோடு இறுகப் பிணைந்து அதைக் கெடாமல் காக்கும். டானினும் பீனால் குடும்பம்தான். பூவில் டானினோடு ஃபிளேவனாய்டுகளும் உண்டு. பொடியைக் குழைத்துப் பூசிக் காய்ந்ததும் முகம் இறுகுவது போலத் தோன்றுவது இந்தத் துவர்ப்பால்.

அந்த இறுக்கம் மேலோட்டமானது. அடியில் இருக்கும் மெலனோசைட் வரை ஆவாரம்பூ போய் மங்கை எடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் வடியும் முகத்தைச் சுத்தம் செய்யும், விலை குறைவு, வாசனை ஒவ்வாமைக்கு வாய்ப்பும் குறைவு. அதற்காகத்தான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எங்கே பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தை என்ன செய்தது என்பது 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். எனக்குப் பூ வருவது ஒடுகத்தூர் தாண்டிய கரட்டு நிலத்திலிருந்து. ரோட்டோரத்துப் பூவை நான் வாங்குவதில்லை. பொடியைத் தேய்க்கவும் கூடாது. பீர்க்கங்காய் நாரோடு அழுத்தித் தேய்த்தால் அந்த உராய்விலேயே தோல் கறுக்கும். பூசி, பாதி காய்ந்ததும் தண்ணீர் விட்டு வழித்துவிட வேண்டும்.

குங்குமப்பூவில் குரோசின் என்ற நல்ல ஆன்டி ஆக்சிடன்ட் இருப்பது உண்மை. ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூ வேண்டும் என்பதும் உண்மை. மலிவான ஒரு டப்பா ஜெல்லில் அது எத்தனை இழை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மஞ்சள் நிறம் பெரும்பாலும் சாயம். கர்ப்பிணிகள் குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் இல்லை. பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் இருக்கிறது.

இந்த நாலையும் விட்டு ஐந்தாவதாக ஒன்று அந்தச் சீட்டில் எழுதாமல் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போதுதான் சொன்னாள். பிரசவத்துக்குப் பின் ஒரு கடையில், டாக்டர் சீட்டே இல்லாமல், ஒரு களிம்பு ட்யூப் கொடுத்திருக்கிறார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதை நிறுத்தியதும் எரிச்சல், சிவப்பு, பொடிப்பொடிக் கட்டி, கன்னத்தில் மெல்லிய முடி. மறுபடி பூசினால் அடங்கும், விட்டால் திரும்பும். அது ஸ்டீராய்டு. இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பாதரசம் கலந்த கிரீம்கள் இதைவிட மோசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை வந்த சிறுநீரக நோயாளிகள் சிலரிடம், வெளுக்கும் கிரீம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். பத்து நாளில் வெளுக்கிறது என்றால் அதில் பூ வேலை செய்யவில்லை, வேறேதோ வேலை செய்கிறது.

இயற்கையாகச் செடியில் இருப்பது என்றாலே ஆபத்து இல்லை என்றும் இருந்துவிட வேண்டாம். ரோடோடெண்ட்ரால் என்பது மரப்பட்டையில் கிடைக்கும் பொருள், டைரோசினேஸைத் தடுப்பதில் கெட்டிக்காரன். அதைப் போட்டு ஜப்பானில் விற்ற கிரீம்களால் பல ஆயிரம் பேருக்கு வெண்திட்டுகள் வந்து, 2013ல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். நிறமி செல்லையே சாகடித்துவிட்டது. நம் வெயிலில் மெலனின்தான் நமக்குக் குடை. அதை மொத்தமாக மடக்க நினைக்கக் கூடாது. சீராக இல்லாத இடத்தைச் சீராக்குவது மட்டும்தான் நாம் ஆசைப்பட வேண்டியது.

எதை வாங்குவது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். முகத்தில் குறை எதுவும் இல்லை, வெயிலில் அலைந்து வாடிப்போகிறது, அவ்வளவுதான் என்றால் ரோஜா இதழ்ச் சாறு போதும். கிளிசரினில் ஊறியதாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். எண்ணெய் வடியும் முகம், செலவு செய்ய முடியாது என்றால் ஆவாரம்பூ பொடியும் பயத்தமாவும் சம அளவு, வாரம் இரண்டு முறை. வறண்ட தோலுக்கு ஆவாரம்பூ வேண்டாம், துவர்ப்பு இன்னும் வறட்டும். மங்கு இருப்பவர்கள் பணத்தை முதலில் சன்ஸ்கிரீனில் போடுங்கள். அதிலும் தோல் நிறத்தில் வருமே, அயர்ன் ஆக்சைடு கலந்தது, அதுதான் நமக்குச் சரி. மங்கைத் தூண்டுவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான்; வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. பூ அதற்கு அடுத்த இடம்தான். எலுமிச்சையை நேரடியாக முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போவதை இன்றே விடுங்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும்.

எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம், காலையும் மாலையும் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குப் போங்கள். ஒரே நாள் பார்த்தால் போதாது, ஒவ்வாமை சில சமயம் நாலைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அந்தப் பெண்ணுக்கு அன்று நான் எதையும் விற்கவில்லை. ஸ்டீராய்டை அவளாகச் சட்டென்று நிறுத்துவதும் சிரமம், தொடர்வதும் கெடுதல். சி.எம்.சி. இருக்கும் ஊர் இது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது, முதலில் தோல் டாக்டரைப் பார் என்று அனுப்பினேன். போனாள். படிப்படியாக அந்த ட்யூபை விடவைத்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள் என்பதால் அதற்கு ஒத்துவரும் அசிலாயிக் அமிலக் களிம்பும் நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார்கள்.

போன வாரம் வந்திருந்தாள். ஆறு மாதமாகிறது. மங்கு முழுக்கப் போகவில்லை. ஓரங்கள் கரைந்து, நடுவில் மட்டும் வெளிறிய காபி நிறத்தில் நிற்கிறது. எரிச்சலும் கட்டியும் இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லி, வாசனை இல்லாத ரோஜா கிளிசரின் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொண்டாள். முழங்கையில் ஒரு வாரம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும்க்கா, காலையும் சாயங்காலமும்" என்றாள். தலையில் இரண்டு முழம் மல்லி வைத்திருந்தாள்.